நெதர்லாந்துக்கு வருமுன் அப்போஸ்டில்: முதலில் பெயரைச் சரிபாருங்கள்

தம்பி, நெதர்லாந்தில் ஐந்தோவன் நகரில் வேலை கிடைத்திருக்கிறது, மனைவியும் இரண்டு வயது மகளும் உடன் வருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். திருமணச் சான்றிதழுக்கும் மகளின் பிறப்புச் சான்றிதழுக்கும் ஊரிலேயே அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாவதற்காக அதில் ஒட்டித் தரும் அரசுச் சான்று) வாங்க வேண்டுமா, இங்கே வந்தபின் இந்தியத் தூதரகத்தில் வாங்கலாமா என்பது உங்கள் கேள்வி. ஊரிலேயே முடித்துவிட்டு வாருங்கள். ஓர் ஆவணத்தை எந்த நாடு கொடுத்ததோ அந்த நாடுதான் அதற்கு அப்போஸ்டில் தர முடியும். இந்தியாவில் அந்த அதிகாரம் வெளியுறவு அமைச்சகத்துக்கு. தூதரகத்தால் முடியாது.

துபாய் போன உறவினர் யாராவது வேறு வழி சொன்னால் குழம்ப வேண்டாம். அமீரகம், அப்போஸ்டிலை ஏற்றுக்கொள்ளும் நாடுகளின் 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இல்லாததால் அங்கே தூதரக முத்திரை வரைக்கும் போக வேண்டும். நெதர்லாந்து அதில் இருக்கிறது, இந்தியாவும் 2005 முதல் இருக்கிறது. ஆகவே உங்களுக்கு அப்போஸ்டிலோடு வேலை முடிந்தது.

நடைமுறை சிக்கலானதல்ல. பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள் முதலில் தலைமைச் செயலகத்தில் உள்துறையின் சரிபார்ப்புக்குப் போகும். அப்புறம் வெளியுறவு அமைச்சகம். 2019 முதல் சென்னையிலேயே இது நடக்கிறது, டெல்லிக்கு அனுப்ப வேண்டியதில்லை. அமைச்சகம் நேரடியாகக் காகிதம் வாங்குவதில்லை, அது அங்கீகரித்த ஏஜென்சிகள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். அரசுக் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய், அதன் மேல் சேவைக் கட்டணம். யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால், எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பின்பக்கம் ஒட்டித் தரும் ஸ்டிக்கரில் ஓர் எண் இருக்கும். அது உண்மையானதா என்று இணையத்தில் பார்த்துவிடலாம்.

உண்மையில் நாள் இழுப்பது அதற்கு முந்தைய கட்டம். அப்போஸ்டில் என்பது கையெழுத்தும் முத்திரையும் அதிகாரியின் பதவியும் சரியானவை என்பதற்கு மட்டுமே சாட்சி. உள்ளே எழுதியிருப்பது சரியா என்று யாரும் பார்ப்பதில்லை. தப்பான பெயரோடு கொடுத்தால் தப்பான பெயருக்கே அழகாக ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள்.

நம் ஆட்களுக்கு இந்த இடத்தில்தான் சிக்கல். திருமணச் சான்றிதழில் மனைவி ‘எம். பிரியா’. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக வைத்து ‘பிரியா முருகேசன்’. குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் ஆஸ்பத்திரியில் யாரோ சொன்னபடி ‘பிரியா கார்த்திக்’. நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான். வந்ததும் நீங்கள் பதிவு செய்யப்போகும் இங்குள்ள நகராட்சியில் உட்கார்ந்திருப்பவருக்கு இனிஷியல் என்ற வழக்கமே தெரியாது. அவர் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார். அவர் மேல் கோபப்பட்டும் பயனில்லை, அவர் பதிவதுதான் உங்கள் குடும்பத்தின் ஆவணங்களில் பல வருஷம் நிற்கப்போகிறது. எனவே எல்லாப் பாஸ்போர்ட்டுகளையும் சான்றிதழ்களையும் ஒரே மேசையில் பரப்பி வைத்து, பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், ஆங்கில எழுத்துக்கூட்டல் எல்லாவற்றையும் ஒத்துப் பாருங்கள். மாறியிருந்தால் முதலில் திருத்தம்: பிறப்புச் சான்றிதழ் என்றால் பதிவு செய்த அலுவலகத்தில், திருமணம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில். அப்போஸ்டில் வாங்கியபின் திருத்தினால், புதுச் சான்றிதழுக்கு மறுபடியும் முதலிலிருந்து அலைய வேண்டும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. உங்களுடைய பிறப்புச் சான்றிதழும் வேண்டும். மனைவியுடையதும்தான். பலர் குழந்தைக்கு மட்டும் செய்துகொண்டு வந்துவிடுகிறார்கள். நாளைக்கு டச்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதும் அப்போஸ்டிலோடு கூடிய அந்தக் காகிதத்தைக் கேட்பார்கள். நம் வயதுக்காரர்களின் பழைய சான்றிதழில் பல நேரம் பெயர் இருக்காது, ‘ஆண் குழந்தை’ என்பதோடு நின்றுவிடும். பெயர் சேர்த்துப் புதிய நகல் வாங்குங்கள். நகரத்தில் பிறந்திருந்தால் நகராட்சி அல்லது மாநகராட்சி, கிராமம் என்றால் தாலுகா அலுவலகத்திலோ சார்பதிவாளர் அலுவலகத்திலோ விசாரியுங்கள். நீங்கள் விமானம் ஏறிவிட்டால் இதற்கெல்லாம் வயதான அப்பாதான் வெயிலில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அந்த நிலைமை அவருக்கு வரக்கூடாது என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் இருக்கும் சான்றிதழுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை, இங்கே ஆங்கிலம் செல்லும். தமிழில் மட்டும் இருந்தால் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும். இருமொழி நகல் வாங்குவது அதைவிடச் சுலபம். எந்தச் சான்றிதழையும் லேமினேட் செய்யாதீர்கள், அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்ட முடியாது.

வந்து 5 நாளுக்குள் நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும், ஆனால் அதற்கான நேரத்தை நீங்கள் கிளம்பும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். அசல்களைக் கைப்பையில் வையுங்கள். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள்.

பட்டச் சான்றிதழுக்கு இப்போதே செலவு செய்ய வேண்டாம். கம்பெனியின் மனிதவளத் துறை எழுத்தில் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம், அதற்குக் கல்வித் துறை வழியாகப் போக வேண்டும்.

மனைவியின் பாஸ்போர்ட்டிலும் திருமணச் சான்றிதழிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். எதைத் திருத்துவது சுலபம் என்று சொல்கிறேன்.