ஏஐ படிக்க ஏஐ என்று பெயர் வைத்த கோர்ஸ்தான் வேண்டுமா?

உடுமலைப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், கணிதத்தில் நல்ல மார்க். ஆனால் வீட்டார் ஆசைப்பட்ட கல்லூரிக்குக் கட்-ஆஃப் எட்டவில்லை. பெங்களூரில் ஐ.டி.யில் இருக்கும் மச்சினன், "இனி எல்லாம் ஏஐதான் மாமா, மேனேஜ்மென்ட் கோட்டாவிலாவது பி.டெக். ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ் சேர்த்துவிடுங்கள்" என்று தினமும் போன் செய்கிறாராம். நான்கு வருடத்துக்கு எட்டு லட்சம், ஹாஸ்டல் தனி. நகையை அடகு வைத்து, மீதிக்குக் கல்விக் கடன் வாங்குவதாக யோசனை. இந்த சீட்டை வாங்கலாமா, அவளுக்கு எது வரும் என்று கேட்கிறார்.

ஐயா, உங்கள் பயம் நியாயமானது. அதனால் ஆறுதல் சொல்லாமல் நேராகவே சொல்கிறேன்: அந்த சீட் வேண்டாம்.

ஏஐ என்று இன்று பேசப்படுவதில் பெரும்பகுதி இவ்வளவுதான். பழைய பதிவுகளை ஏராளமாகக் கொடுத்து, அவற்றில் உள்ள போக்கைக் கணினியே பிடித்துக்கொள்ளும்படி செய்து, புதிதாக வருவதை ஊகிக்க வைப்பது. 2016இல் வெளியான கூகுள் ஆய்வொன்றைப் பாருங்கள். சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு மாடலை, அதாவது ஒரு கணினி நிரலை, பழக்கினார்கள். பழக்கக் கொடுத்தவை 1,28,175 படங்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளின் படங்களும் அவற்றில் உண்டு. ஒவ்வொரு படத்தையும் 3 முதல் 7 கண் மருத்துவர்கள் பார்த்துத் தரம் பிரித்தார்கள். எவ்வளவு சந்தேகம் வந்தால் பாதிப்பு என்று சொல்வது என்ற எல்லைக்கோட்டை ஓரிடத்தில் வைத்துப் பார்த்தபோது, பாதிப்பு உள்ளவர்களில் சுமார் 97 சதவீதத்தை அந்த மாடல் கண்டுபிடித்தது. இல்லாதவர்களில் சுமார் 93 சதவீதத்தைச் சரியாக விட்டது.

கேட்க அருமையாக இருக்கிறது. இப்போது ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். முகாமுக்கு 10,000 பேர் வருகிறார்கள், 500 பேருக்குப் பாதிப்பு என்று வைத்துக்கொள்வோம். அந்த 500இல் 485 பேரைப் பிடித்துவிடும். நோயில்லாத 9,500 பேரில் 665 பேரையும் "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்று அனுப்பும். ஆக, அனுப்பப்பட்ட 1,150 பேரில் பாதிக்கு மேல் ஒன்றும் இல்லாதவர்கள். பஸ் செலவு, ஒருநாள் கூலி, வீட்டில் அழுகை எல்லாம் வீண். எல்லைக்கோட்டை எங்கே வைத்தால் எந்தத் தவறு குறையும், எது கூடும் என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இந்தத் துறையில் மதிப்பு. அது புள்ளியியல் படிப்பின் வேலை.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள். பால் சொசைட்டி சீட்டில் வரும் ஃபேட் (கொழுப்பு), எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) எல்லாவற்றையும் மகள் நோட்டில் எழுதி வைக்கிறாள். காலைப் பாலையும் சாயங்காலப் பாலையும் சேர்த்துச் சராசரி எடுக்காதீர்கள், தனித்தனியாகப் பாருங்கள் என்று உங்களிடமே சொன்னாள். அவளுக்கு எது வரும் என்று கேட்டிருக்கிறீர்களே, பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள்: புள்ளியியல்.

பொறியியல் கலந்தாய்வு, பி.சி.ஏ. எல்லாம் ஊரே சொல்லும், விடுகிறேன். நான் சொல்வது அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியல். கோவை அரசு கலைக் கல்லூரியில் இருக்கிறது, சென்னை மாநிலக் கல்லூரியிலும் இருக்கிறது. விண்ணப்பம் அரசின் ஒரே இணையதளம் வழியாக. கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரங்களுக்குள் முடிந்துவிடும். அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். நிகழ்தகவு, மாதிரி எடுத்தல், ரிக்ரெஷன், மேட்ரிக்ஸ் என்று மூன்று வருடமும் ஏஐயின் அடித்தளத்திலேயே போகும்.

குறையையும் கேளுங்கள். கேம்பஸ் இன்டர்வியூவுக்குக் கம்பெனிகள் வரிசையில் நிற்காது. புரோகிராமிங் குறைவாகவே சொல்லித்தருவார்கள். பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியை அவளாகத்தான் பழக வேண்டும். இரண்டாம் வருடத்தில், மனமிருந்தால், ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்பையும் கூடவே தொடங்கலாம். அதற்கு ஜே.இ.இ. தேவையில்லை, நான்கு வாரப் பாடத்தை முடித்து ஒரு தகுதித் தேர்வு எழுதினால் போதும். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் அரைக் கிணறுதான், எம்.எஸ்சி. வரை திட்டமிடுங்கள். ஜாம் என்ற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.களிலோ, தனி நுழைவுத் தேர்வில் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திலோ சேரலாம். அரசு வேலைதான் வேண்டுமென்றால் யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்குப் பட்டமே போதும், 21 வயது ஆனதும் எழுதலாம்.

மச்சினன் மறுபடி கூப்பிட்டால், கடன் தவணையில் எத்தனை மாதம் அவர் கட்டுவார் என்று மட்டும் கேளுங்கள். (பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும், அனுபவத்தில் சொல்கிறேன்.)

அந்த மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டுக்கு ஏற்கெனவே அட்வான்ஸ் கட்டியிருந்தால், வகுப்பு தொடங்கும் முன் சீட் வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதிப்படி அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். அசல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமையில்லை.