ஒரு எட்டுக்கு நாலு பலகை

கேள்வி: அக்கா, எனக்கு வயது 24. பெங்களூர் காக்ஸ் டவுனில் இருக்கிறோம். தசைச்சிதைவு நோய் என்பதால் பத்து வருடமாக வீல்சேர்தான், இப்போது பேட்டரியில் ஓடுவது. வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்கிறேன். அனிமே என்கிற ஜப்பானிய கார்ட்டூன், காமிக்ஸ் என்றால் எனக்கு உயிர். போன வருடம் ஒயிட்ஃபீல்டு பக்கம் நடந்த ஒரு பெரிய ரசிகர் விழாவுக்குத் தம்பியோடு போனேன். வேஷம் போட்டுப் போவதற்காக இரண்டு மாதம் உட்கார்ந்து என் நாற்காலியையே டிராகனாக மாற்றியிருந்தோம், ஃபோம் ஷீட்டில் சிறகெல்லாம் வைத்து. வாசலில் பாரிகேட் குறுகலாக வளைந்து போனதால் சிறகைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். உள்ளே பேச்சு அரங்கம் ஒரு படி உயரத்தில் இருந்தது. “நாங்க தூக்கிடறோம் மேடம்” என்று நாலு வாலண்டியர்கள் என்னை நாற்காலியோடு சேர்த்துத் தூக்கினார்கள். ஒரு பக்கக் கைப்பிடி கழன்று வந்துவிட்டது. விழாமல் தப்பித்தது தெய்வச் செயல். யாரோ அதைப் படம் வேறு எடுத்தார்கள். மாற்றுத்திறனாளிகள் கழிப்பறைக்குள் அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருந்தார்கள். காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்தவள், மூன்று மணிக்கே வீடு திரும்பிவிட்டேன். இந்த வருடமும் போக ஆசை. அம்மா, “வீட்லயே பாத்துக்கலாமே, இதுக்குப் போயி உரிமை, புகார்னு பேசணுமா?” என்கிறார். படிப்பு, வேலை, ஆஸ்பத்திரி என்றால் கேட்கலாம். ஜாலிக்குப் போகிற இடத்தில் இதையெல்லாம் கேட்பது சரியா அக்கா?

பதில்: அன்புத் தங்கைக்கு,

கைப்பிடி கழன்று வந்த இடத்தைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மீதியைப் படிக்க முடிந்தது. எனக்கு இடது காலில் போலியோ. நாலு வயதிலிருந்து கேலிப்பர் போட்டு நடக்கிறவள் நான். என்னையும் கல்யாண மண்டபத்து மாடிப்படியில் தூக்கியிருக்கிறார்கள், ரயில் பெட்டிக்குள் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். தூக்கியவர்கள் எல்லோரும் நல்ல மனசுக்காரர்கள். அதனாலேயே “வேண்டாம்” என்று சொல்ல வாய் வராமல் பல வருடம் இருந்தேன். நீயாவது இந்த வயதிலேயே சொல்லிவிடு.

முதலில் நீ கேட்டதற்கு வருகிறேன். ஜாலிக்குப் போகிற இடத்தில் கேட்கலாமா? கேட்கலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. பொதுமக்களுக்கான சேவைகள் எவை என்று அது விளக்கும் இடத்தில் கல்வி, மருத்துவம், வங்கி, போக்குவரத்து ஆகியவற்றோடு ஒரே வரியில் கலாச்சாரம், ஓய்வு, பொழுதுபோக்கு மூன்றையும் சேர்த்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஒரு தட்டு, விழாவுக்கு ஒரு தட்டு என்று பிரிக்கவில்லை. சேவை தருவது அரசா தனியாரா என்றும் பார்க்கவில்லை. இருவருக்கும் பொருந்தும் என்று 46ஆம் பிரிவு சொல்கிறது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. அதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் எல்லோரும் தயாராகியிருக்க வேண்டும். அந்தக் கெடு முடிந்து எத்தனையோ விழாக்கள் நடந்துவிட்டன.

ஒரு விஷயத்தை அம்மாவிடம் நீ சொல்ல வேண்டும். ராஜீவ் ரதூரி என்ற பார்வைத்திறன் குறைந்தவர் பொது இடங்கள் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்று கேட்டு 2005இல் உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில் 2024 நவம்பர் 8ஆம் தேதி வந்த தீர்ப்பு, அணுகல் வசதிகளை ‘முடிந்தால் செய்யுங்கள்’ என்கிற தோரணையில் விதியாக எழுதி வைத்தது செல்லாது, கட்டாயமான தரங்களை வகுக்க வேண்டும் என்று அரசுக்குச் சொன்னது. ஒரு மனிதர் ஏறக்குறைய இருபது வருடம் காத்திருந்து வாங்கித் தந்தது இது. நீ புதிதாக எதையும் பிடுங்கப் போகவில்லை.

இனி, தூக்குவது. இதில் மட்டும் நீ யாருக்காகவும் இறங்கி வரக்கூடாது. பேட்டரி நாற்காலியின் எடையோடு உன் எடையும் சேரும்போது நாலு பேர் தாங்குகிற விஷயமில்லை. நாற்காலியின் கைப்பிடியும் கால்தாங்கியும் கழற்றி மாட்டுவதற்காகவே செய்யப்பட்டவை. பழக்கமில்லாதவர்கள் முதலில் பிடிப்பது அந்த இரண்டையும்தான். அன்றைக்கு நடந்தது அதுதான். உன்னைத் தனியாகத் தூக்கினாலும் ஆபத்து குறையாது. தசைச்சிதைவில் தோள்பட்டைத் தசை பலவீனமாக இருப்பவர்களை அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் உடம்பு வழுக்கிக் கீழே போய்விடும், தோள் மூட்டே விலகவும் கூடும். உன் பிசியோதெரபிஸ்டுக்கு இது தெரியும். டி-ஷர்ட் மாட்டிக்கொண்டு காலையில் வேலைக்கு வந்த கல்லூரிப் பையனுக்கு எப்படித் தெரியும்? அவனைக் கோபித்துக்கொள்ளாதே. அவனிடம் அந்த வேலையை விட்டுவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் யாரோ, அவர்களிடம் பேசு.

பேசுவதற்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். என் தங்கை வீட்டுக்காரர் பதினைந்து வருடம் கண்காட்சிகளுக்கு ஸ்டால் போடும் வேலையில் இருந்தவர். ஒருமுறை விழாவுக்கு முந்தின நாள் அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். மைதானம் மாதிரி கூடம், வழவழவென்று சமமான சிமெண்டுத் தரை. பெரிய ஷட்டரைத் தூக்கிவிட்டு லாரியே நேராக உள்ளே வந்து சாமான் இறக்குகிறது. நான் அந்தக் கூடத்தில் ஒரு படிகூட ஏறாமல் கடைசி வரை நடந்து போனேன். இரவு எட்டு மணிக்கு மேல் தச்சர்கள் வந்தார்கள். வயர்கள் வெளியே தெரியக்கூடாது என்று மரச்சட்டம் அடித்து, மேலே பிளைவுட் போட்டு, கார்ப்பெட் ஒட்டி, ஒவ்வொரு ஸ்டாலின் தரையையும் அரை அடி உயர்த்தினார்கள். லாரி வந்த இடத்தில் மறுநாள் காலை வீல்சேர் போக முடியாது.

உன்னைத் தடுத்த படி காலங்காலமாக இருந்த கல் படி இல்லை, தங்கச்சி. அதை ஒரே ராத்திரியில் யாரோ ஒருவர் வரைபடத்தைப் பார்த்து அடித்தார். வரைபடத்தில் சாய்தளம் இருந்திருந்தால் அதே தச்சர் அதையும் அடித்திருப்பார். கணக்கைக் கேள். மத்திய வீட்டுவசதி அமைச்சகத்தின் 2021 வழிகாட்டி நெறிகள்படி சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் இருக்க வேண்டும், அகலம் குறைந்தது 120 செ.மீ. அதாவது 15 செ.மீ. உயரப் படிக்கு 180 செ.மீ. நீளம். கடையில் விற்கிற எட்டுக்கு நாலு அடி பிளைவுட் பலகையின் அகலம் கிட்டத்தட்ட 122 செ.மீ., நீளம் சுமார் 244 செ.மீ. உன்னைத் தடுத்த அந்தப் படிக்கு ஒரு பலகை தாராளம். அடியில் உறுதியான மரச்சட்டம், இரண்டு ஓரத்திலும் சக்கரம் நழுவாமல் ஒரு ரீப்பர் கட்டை, அவ்வளவுதான் வேலை. நாலு பேரைக் கூப்பிட்டுக் கைப்பிடியைக் கழற்றியதற்குப் பதில் இதைச் செய்திருக்கலாம்.

ஆனால் விழா அன்று காலை வாசலில் நின்று கேட்டால் இது நடக்காது. அன்றைக்கு யாரிடமும் பலகையும் இருக்காது, முடிவெடுக்கிற அதிகாரமும் இருக்காது. அவர்களிடம் மிச்சமிருப்பது அனுதாபம் ஒன்றுதான். ஆகவே வரைபடம் போடுவதற்கு முன்பே, இரண்டு மாதம் இருக்கும்போதே, எழுத்தில் கேள். நீ டிசைன் வேலை செய்கிறவள், வரைபடம் எப்படித் தயாராகும் என்று என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். போன வருடம் நடந்ததைச் சுருக்கமாக எழுது. உன் நாற்காலியின் அகலம், நீளம், எடை, அது திரும்ப வேண்டிய வட்டம் எல்லாவற்றையும் எண்ணில் கொடு. ‘வசதி செய்து தரவும்’ என்று பொதுவாக எழுதினால் ‘கண்டிப்பாக மேடம்’ என்று பதில் வரும், அதோடு சரி. ‘பேச்சு அரங்கத்துக்கு எந்தப் பக்கம் சாய்தளம், என்ன சரிவு?’ என்று கேட்டால் யாராவது ஒருவர் எழுந்து போய்ப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

தம்பிக்கு டிக்கெட் எடுத்தாயா என்று நீ எழுதவில்லை. எடுத்திருப்பாய் என்றே நினைக்கிறேன். உதவிக்கு வருகிறவருக்குக் கட்டணம் கேட்பது என்னைப் பொறுத்தவரை உன்னிடமே இரண்டு டிக்கெட் வாங்குவதுதான். 1970இல் தொடங்கிய அமெரிக்காவின் சான் டியாகோ காமிக்-கான் என்ற காமிக்ஸ் ரசிகர் விழாவில் காது கேளாதோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் என்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். உதவியாளருக்குத் தனி அனுமதி அட்டை தருகிறார்கள், பெரிய நிகழ்ச்சிகளில் சைகை மொழிபெயர்ப்பாளர் நிற்கிறார். இங்கே அந்தப் பெயரையும் பாணியையும் எடுத்துக்கொண்டவர்கள் இதையும் எடுத்துக்கொள்ளட்டும். கையெழுத்து வாங்கும் வரிசையில் இரண்டு மணி நேரம் நிற்க வைக்காமல் டோக்கன் கொடுத்து நேரம் சொல்லச் சொல். நாற்காலி பேட்டரிக்கு சார்ஜ் போட ஓர் இடம் கேள். உன்னோடு நின்றுவிடாதே: சத்தமும் வெளிச்சமும் தாங்காத ஆட்டிசம் பிள்ளைகளுக்கு ஓர் அமைதியான அறை, காது கேளாதவர்களுக்குத் திரையில் எழுத்து. 1995 சட்டத்தில் ஏழு வகை இயலாமைகள்தான் இருந்தன, இப்போதைய சட்டத்தில் 21. அந்த 21 வகையிலும் அனிமே பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கழிப்பறை விஷயத்தில் எனக்குக் கோபம் அடங்கவில்லை. அந்த அறையைக் கட்டியாயிற்று, கைப்பிடி பொருத்தியாயிற்று, கதவில் வீல்சேர் படமும் ஒட்டியாயிற்று. அதற்கு அப்புறம் ஆள் வரமாட்டார்கள் என்று முடிவு செய்து குடோன் ஆக்கிவிட்டார்கள். நீ காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை என்று எழுதியதை உன் வயதுப் பெண்கள் பலர் படித்தால் விளங்காது. எனக்கு விளங்கியது. புத்தகக் கண்காட்சிக்குப் போகும் நாளில் முந்தின இரவே தண்ணீரைக் குறைக்கிற பழக்கம் எனக்கு நாற்பது வயது வரை இருந்தது. சிறுநீர்ப் பாதைத் தொற்று வந்து படுத்த பிறகுதான் விட்டேன். நீ அதை இனிமேல் செய்யாதே. கடிதத்தில் கழிப்பறைக்குத் தனிப் பத்தி ஒதுக்கு: திறந்திருக்க வேண்டும், உள்ளே எதுவும் அடுக்கக்கூடாது, விழா முடியும் வரை யார் பொறுப்பு, அவருடைய போன் நம்பர் என்ன. அந்தப் பதில் வராமல் டிக்கெட் எடுக்காதே.

பதில் வரவில்லையா? கர்நாடக மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் அலுவலகம் பெங்களூரிலேயே இருக்கிறது. தபாலிலோ மின்னஞ்சலிலோ நீயே எழுதலாம். டிக்கெட், படங்கள், அனுப்பிய கடிதத்தின் நகல் எல்லாம் சேர்த்து அனுப்பு. சட்டத்தை முதல் முறை மீறினால் அபராதம் 10,000 ரூபாய் வரை, மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. பெரிய விழாக்காரர்களுக்குப் பத்தாயிரம் ஒரு தொகையா என்று கேட்பாய். தொகையை விடு, ஆணையர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் போனால் அது வரைபடம் போடுகிறவர் மேஜை வரை போகும். தனியாக எழுதத் தயக்கமாக இருந்தால் உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே, லிங்கராஜபுரத்தில், ஏ.பி.டி. (அசோசியேஷன் ஆஃப் பீப்பிள் வித் டிசபிலிட்டி) என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. 1959 முதல் இந்த ஊரில் மாற்றுத்திறனாளிகளுக்காக வேலை செய்கிறவர்கள். ஒரு நாள் தம்பியோடு போய்ப் பார்.

அம்மாவைப் பற்றி. அவர் உன் ஆசையைத் தடுக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதே. கைப்பிடி கழன்றது என்று நீ வீட்டில் சொன்ன அன்றைக்கு அவர் தூங்கியிருக்க மாட்டார். என் அம்மாவும் இப்படித்தான். தேர் பார்க்கப் போகாதே, திருவிழாவுக்குப் போகாதே, இடித்துத் தள்ளிவிடுவார்கள் என்பாள். நான் தேரைக் கிட்டத்தில் பார்த்தது அவள் போன பிறகு. அவளோடு சேர்ந்து பார்த்திருக்கலாமே என்று இன்றைக்கும் இருக்கிறது. விழாக்காரர்களிடமிருந்து வரும் பதில் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டு. பர்பிள் லைன் மெட்ரோ 2023 அக்டோபரிலிருந்து ஒரே மூச்சாக ஒயிட்ஃபீல்டு வரை ஓடுகிறது, ரயிலில் வீல்சேருக்கு இடமும் இருக்கிறது. அல்சூரில் ஏறி ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக அந்தக் கூடம் வரை போய்ப் பாருங்கள். ஸ்டேஷனிலிருந்து கூடத்துக்கு நடைபாதை எங்கே உடைந்திருக்கிறது என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும். முடிந்தால் அம்மாவையும் விழாவுக்குக் கூட்டிக்கொண்டு போ. டிராகனோடு அவரும் ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டும்.

படம் என்றதும் ஞாபகம் வருகிறது. உன்னைத் தூக்கும்போது எடுத்த படத்தை யாராவது எங்கேயாவது போட்டிருந்தால் நீக்கச் சொல்லிக் கேள். இரண்டு மாதம் உழைத்துச் செய்த டிராகனை எடுத்திருந்தால் அது வேறு.

சிறகை இந்த வருடம் சின்னதாக்கிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பாய். வேண்டாம். இன்றைக்கு ராத்திரியே தம்பியை அளவு நாடா எடுக்கச் சொல். இரண்டு சிறகும் முழுதாக விரிந்த நிலையில் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை எத்தனை சென்டிமீட்டர் என்று பார்த்துக் குறித்துக்கொள். வாசல் பாரிகேட்டில் அந்த அகலத்துக்கு ஒரு வழி விடச் சொல்லி, கடிதத்தின் முதல் வரியில் அந்த எண்ணை எழுது.