ஒரே நாளில் பிலிம் கழுவித் தருவது: கூடுதல் பணம் தகுமா?

கேள்வி: கலர் பிலிம் ரோல் கழுவக் கொடுத்தால் ஒரு வாரம் ஆகும், கூடுதல் கட்டணம் கட்டினால் அன்றே தருகிறோம் என்கிறார்கள். அவசரத்தில் படம் கெட்டுவிடாதா? அந்தப் பணம் தகுமா?

பதில்: நீங்கள் கூடுதலாகக் கட்டுவது வரிசையில் முந்துவதற்குத்தான். கழுவும் நேரம் யாருக்கும் ஒன்றே. கலர் நெகட்டிவுக்கான சி-41 முறையில் டெவலப்பர் (பிலிமில் படத்தை வெளிக்கொணரும் ரசாயனம்) 37.8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். பிலிம் அதில் 3 நிமிடம் 15 விநாடி கிடக்கும். பிறகு பிளீச், ஃபிக்ஸர் (இரண்டும் பிலிமிலுள்ள வெள்ளியை நீக்கும் ரசாயனங்கள்), அலசல், நிறத்தைக் காக்கும் ஸ்டெபிலைசர், உலர்த்தல். சூடு அரை டிகிரி பிசகினாலே நிறமும் அடர்த்தியும் மாறத் தொடங்கும். எனவே, "எத்தனை மணி நேரத்தில் தருவீர்கள்?" என்பதைவிட, "தினமும் ரோல் ஓடுகிறதா? கன்ட்ரோல் ஸ்ட்ரிப் (ரசாயனம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் பிலிம் துண்டு) போட்டுப் பார்க்கிறீர்களா?" என்று கேளுங்கள். வேலையில்லாமல் கிடக்கும் டெவலப்பர் காற்றுப்பட்டு வலுவிழக்கும். நெகட்டிவ் வெளிறி, நிறம் மங்கி வரும்.

அவசரம் கெடுப்பது கடைசிக் கட்டத்தைத்தான். ஈரப் பிலிமின் ஜெலட்டின் மென்மையாக இருக்கும். முழுக்கக் காயாமல் வெட்டி உறையில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். படிந்த தூசி அப்படியே பதிந்துவிடும். நெகட்டிவை டிஜிட்டல் படமாக்கித் தரும் ஸ்கேனின் அளவையும் முன்பே கேட்டு வாங்குங்கள். 4×6 அங்குல பிரிண்டுக்கு 1800×1200 பிக்சல் போதும், பெரிதாகப் போட அது பற்றாது.

நாளை மறுநாள் படம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கட்டுங்கள். பழைய கேமரா வாங்கி, முக்கியமான விசேஷத்துக்கு முன் ஒளிக்கசிவு, ஷட்டர் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை ரோலுக்கும் கட்டாயம் தகும். சுற்றுலாப் படங்களுக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் பெரிய ஸ்கேன் வாங்கலாம்.

கேள்வி: கருப்பு-வெள்ளை ரோலையும் அப்படியே அவசரமாகக் கொடுக்கலாமா?

பதில்: டப்பாவில் சி-41 என்று அச்சிட்டிருந்தால் மட்டும் (இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 அப்படிப்பட்டது). வழக்கமான கருப்பு-வெள்ளை பிலிமில் படமே வெள்ளியால் ஆனது. கலர் மெஷினில் விட்டால் பிளீச்சும் ஃபிக்ஸரும் சேர்ந்து அந்த வெள்ளி முழுவதையும் நீக்கிவிடும். வெற்றுப் பிலிம்தான் கைக்கு வரும், மீட்க வழியே இல்லை. கவுன்டரில் வாயால் சொன்னால் போதாது, ரோலின் மேலேயே எழுதி ஒட்டிக் கொடுங்கள்.