ஏணையில நித்திரை, கொட்ல போட்டா அழுகை

பிள்ளை முழுசா நித்திரையான பிறகு கொட்ல (பிள்ளைக் கட்டில்ல) போடாதேங்கோ, கண் சொக்கிக்கொண்டு வரேக்கயே போடுங்கோ. ஏணையில ஆட்டினா 5 மாசப் பிள்ளை நல்லாத் தூங்குது, கொட்ல வச்ச உடன எழும்பி அழுகுது எண்டு எழுதியிருக்கிறீங்கள். இந்த வயசில பிள்ளை இரவில அடிக்கடி அரைகுறையா முழிக்கும், அப்ப ஆட்டமும் இல்லை இடமும் வேற எண்டா பயந்திடும் பாவம், அநேகமா இதுதான் காரணம்.

முதல்ல பகல் நித்திரைக்கு மட்டும் கொட்ல போட்டுப் பழக்குங்கோ. பிள்ளையின்ர கால்களை முதல்ல வச்சு, பிறகு இடுப்பு, கடைசியாத் தலை, உங்கட கையை உடன எடுக்காம நெஞ்சில மெல்ல வச்சிருங்கோ. சிணுங்கினா கொஞ்சம் பொறுங்கோ, வீரிட்டு அழுதா தூக்குங்கோ, அழவிட்டுத்தான் பழக்கவேணும் எண்டு ஒரு கட்டாயமும் இல்லை.

பின்கழுத்தைத் தொட்டுப் பாருங்கோ. வேர்த்திருந்தா கொழும்புப் புழுக்கம்தான் எழுப்புது, உடுப்பைக் குறைச்சு ஃபேனைப் போடுங்கோ.

ஆனா எப்பவும் மல்லாக்கத்தான் படுக்க வைக்கோணும், மெத்தை இறுக்கமா இருக்கோணும், தலகணி பொம்மை ஒண்டும் உள்ள வேண்டாம், நுளம்பு வலை பிள்ளைக்கு எட்டாம இழுத்துக் கட்டுங்கோ. காய்ச்சல் இருந்தா, பால் குடிக்காட்டி, பழக்கிறதை விட்டிட்டு டொக்டரிட்ட காட்டுங்கோ.