வெளியூரிலிருந்து வீட்டுக் கணினிக்குள் நுழைய எந்த வழி?

கேள்வி: வீட்டில் விண்டோஸ் 11 ஹோம் பதிப்புள்ள மேசைக் கணினி இருக்கிறது. வேலை நிமித்தம் அடிக்கடி வெளியூர் போகிறேன். அதிலுள்ள கணக்கு சாஃப்ட்வேரையும் கோப்புகளையும் லேப்டாப்பிலிருந்து பயன்படுத்த வேண்டும். ரவுட்டரில் 3389 போர்ட்டைத் திறந்துவிட்டால் போதும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஒரு கணினியின் திரையை இன்னொரு கணினியிலிருந்து இயக்க விண்டோஸ் தரும் வசதி ரிமோட் டெஸ்க்டாப். 3389 அதன் வாசல். அதை இணையத்தை நோக்கித் திறந்து வைத்தால், திறந்த போர்ட்டுகளை ஓயாமல் தேடும் நிரல்கள் சீக்கிரமே கண்டுபிடித்து, பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கத் தொடங்கிவிடும். 2019 மே மாதம் வெளியான ‘புளூகீப்’ என்ற ரிமோட் டெஸ்க்டாப் பாதுகாப்பு ஓட்டைக்குப் பாஸ்வேர்டுகூடத் தேவைப்படவில்லை. ஆதரவு முடிந்து 5 ஆண்டுகள் ஆகியிருந்த பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்கும் சேர்த்து மைக்ரோசாஃப்ட் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டது. விண்டோஸ் 11-இல் அந்த ஓட்டை இல்லை என்பது உண்மைதான். ஆனால் அடுத்த ஓட்டை தெரியவரும் நாளில் உங்கள் வாசல் திறந்திருக்கக் கூடாது. போர்ட் எண்ணை மாற்றி வைப்பதாலும் பயனில்லை. தேடுபவை எல்லா எண்களையும் தட்டிப் பார்க்கும்.

தவிர, உங்களுக்கு அது வேலையும் செய்யாது. ஹோம் பதிப்பிலிருந்து வேறு கணினிக்குள் போகலாம். ஹோம் பதிப்புக்குள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வர முடியாது. அதற்கு புரோ வேண்டும்.

கோப்புகள் மட்டும்தான் தேவை என்றால் ஒன்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ அந்த ஃபோல்டரைப் போட்டுவைத்தாலே போதும். உங்களுக்குச் சாஃப்ட்வேரும் ஓட வேண்டும் என்பதால் திரையே தேவை. ஹோம் பதிப்புக்கு நாங்கள் சொல்வது குரோம் ரிமோட் டெஸ்க்டாப். இலவசம், ரவுட்டரில் எதையும் தொட வேண்டாம், ஏனென்றால் வீட்டுக் கணினியே வெளியே போய் கூகுளின் சர்வரோடு தொடர்பு வைத்துக்கொள்கிறது. வீட்டுக் கணினியில் குரோம் பிரவுசரைத் திறந்து, உங்கள் கூகுள் கணக்கில் நுழைந்து, ரிமோட் டெஸ்க்டாப் பக்கத்தில் ‘ரிமோட் ஆக்சஸ்’ பகுதியை நிறுவுங்கள். கணினிக்கு ஒரு பெயரும், குறைந்தது 6 இலக்க பின் எண்ணும் கேட்கும். பிறந்த தேதியைப் போடாதீர்கள். அந்தக் கூகுள் கணக்குக்கு இருபடிச் சரிபார்ப்பு கட்டாயம் இருக்கட்டும். இனி அந்தக் கணக்குதான் உங்கள் வீட்டுச் சாவி. ஓரப் பட்டியில் கோப்பு அனுப்பவும் எடுக்கவும் பொத்தான்கள் இருக்கின்றன.

இதில் ஒரு குறை. நீங்கள் அங்கிருந்து செய்வதெல்லாம் வீட்டு மானிட்டரிலும் தெரியும். கணக்கு வழக்கு பார்ப்பவர் கிளம்பும்போது மானிட்டரை அணைத்துவிடுவது நல்லது. ஆனால் சில கிராஃபிக்ஸ் கார்டுகள் மானிட்டர் அணைந்ததும் திரையே இல்லை என்று நினைத்துக்கொள்ளும். உங்களுக்குக் கறுப்புத் திரையோ மிகச் சிறிய திரையோதான் வரும். அப்படி வந்தால் எச்.டி.எம்.ஐ. டம்மி பிளக் என்ற கட்டைவிரல் அளவுப் பொருளைக் கார்டில் செருகிவையுங்கள்; மானிட்டர் இருப்பதாகவே கார்டு நம்பும்.

பின்னாளில் புரோவுக்கு மாறினால், உங்கள் கருவிகளை மட்டும் இணையம் வழியே இணைக்கும் டெயில்ஸ்கேல் போன்ற தனி வலையும் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பும் சேர்ந்த வழிதான் இதைவிட நல்லது. வேகம் கூடும், வீட்டுத் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும். இரு கணினிகளிலும் ஒரே கணக்கில் டெயில்ஸ்கேலை நிறுவினால் வீட்டுக் கணினிக்கு 100 என்று தொடங்கும் ஒரு முகவரி கிடைக்கும். அதை ரிமோட் டெஸ்க்டாப்பில் கொடுக்க வேண்டியதுதான். பலரும் சறுக்கும் இடங்கள் மூன்று. வீட்டுக் கணினியின் டெயில்ஸ்கேலில் ‘ரன் அன்அட்டெண்டட்’ என்பதை இயக்காவிட்டால், ரீஸ்டார்ட் ஆன பிறகு யாராவது லாகின் செய்யும்வரை தொடர்பு வராது. கணினியை அந்த வலையில் அனுமதிக்கும் டெயில்ஸ்கேல் சாவி இயல்பாக 180 நாளில் காலாவதியாகும். வீட்டுக் கணினிக்கு மட்டும் அதை நிறுத்திவையுங்கள். மூன்றாவது, விண்டோஸ் பின் எண்ணை ரிமோட் டெஸ்க்டாப் ஏற்காது. கணக்கின் முழு பாஸ்வேர்டு நினைவில் இருக்க வேண்டும்.

டீம்வியூவர், எனிடெஸ்க் இரண்டும் நல்லவைதான். ஆனால் இலவசம் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே. தொழில் வேலை என்று சந்தேகம் வந்தால் நடுவிலேயே இணைப்பு துண்டிக்கப்படும். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி இவற்றை நிறுவச் சொல்பவர் மோசடிக்காரர். திரையில் வரும் எண்ணை அவரிடம் சொல்லவே கூடாது.

எந்த வழியை எடுத்தாலும் ஊருக்குப் போன பிறகு இணைப்பு வராததற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: கணினி தூங்கிவிட்டது. செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் பகுதியில் ‘ஸ்லீப்’ என்பதை ‘நெவர்’ ஆக்குங்கள். திரை மட்டும் அணையலாம். தூங்கும் கணினியை எழுப்ப ‘வேக் ஆன் லேன்’ இருக்கிறதே என்பீர்கள். அது கணினியின் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணை) 16 முறை சுமந்து போகும் 102 பைட் தரவுப் பொட்டலம். பொதுவாக வீட்டு வலைக்குள் மட்டுமே பரவும். வெளியிலிருந்து அனுப்ப, எப்போதும் விழித்திருக்கும் இன்னொரு கருவி வீட்டில் வேண்டும். வைஃபையைவிட கேபிளில்தான் நம்பகமாக வேலை செய்யும்.

மின்வெட்டு இன்னொரு தலைவலி. மின்சாரம் திரும்பியதும் கணினி தானாக எழ வேண்டுமானால், பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) ‘ரெஸ்டோர் ஆன் ஏ.சி. பவர் லாஸ்’ அல்லது அதையொத்த பெயருள்ள அமைப்பை ‘பவர் ஆன்’ ஆக்க வேண்டும். கணினிக்கு யு.பி.எஸ். இருந்தால் ரவுட்டரையும் அதிலேயே செருகுங்கள். ரவுட்டர் அணைந்தால் கணினி ஓடியும் பயனில்லை.

கிளம்புவதற்கு 2 நாள் முன்பே சோதித்துவிடுங்கள். கணினியை ரீஸ்டார்ட் செய்து, லாகின் செய்யாமல் விடுங்கள். போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் இணையுங்கள். லாகின் திரை போனில் வந்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு கணினியை முறைப்படி அணைத்து, மின் ஸ்விட்சையும் அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். முறைப்படி அணைத்த கணினி, மின்சாரம் போனபோது இருந்த நிலைக்கே திரும்பும் ‘லாஸ்ட் ஸ்டேட்’ அமைப்பில் எழாது, ‘பவர் ஆன்’ அமைப்பில் எழும்; பயாஸில் எதைத் தேர்ந்தீர்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும்.