உறுதி தொலைந்த காணிகள்: வாசகர் கேள்வி – பதில்

இலங்கைப் போர் 2009 மே மாதம் முடிந்தது. அது குழப்பிவிட்டுப் போன காணிக் கணக்குகளைப் பற்றித்தான் இன்னமும் கூடுதலான கடிதங்கள் வருகின்றன. இம்மாதம் ஐந்து கேள்விகளை எடுத்துக்கொண்டோம்.

எங்கள் தென்னங்காணி முகமாலைப் பக்கம். மிதிவெடி அகற்றிக் கையளித்துவிட்டார்கள். இனி உழவு இயந்திரம் விடலாமா, கிணறு வெட்டலாமா? (பளை வாசகர்)

கையளிப்புப் பத்திரத்தையும் அதோடு வந்த வரைபடத்தையும் முதலில் எடுத்துப் பாருங்கள். எந்த எல்லைக்குள், எவ்வளவு ஆழத்துக்கு மண்ணைக் கிளறிப் பார்த்தார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். அந்த ஆழத்துக்குள் உழுவதில் பிரச்சினை இல்லை. கிணறு வெட்டுவது வேறு கதை. இடத்தைக் குறித்துக்கொண்டு போய், கிளிநொச்சியிலுள்ள பிராந்திய மிதிவெடி நடவடிக்கை அலுவலகத்தில் கேட்டபின் தொடங்குங்கள்.

கிளாலி, முகமாலை, நாகர்கோவில் வரிசை 2000இலிருந்து 2009 தொடக்கம் வரை போர்முனை. இரு தரப்பும் அடுக்கடுக்காக மிதிவெடி புதைத்த இடம். அங்கே அதிகம் கிடைக்கும் பி-4 வகை உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் சாமான். ஏறத்தாழ 30 கிராம் வெடிமருந்துதான், ஆனால் ஒரு பாதத்தைக் கொண்டுபோக அது போதும். உலோகம் மிகக் குறைவு என்பதால் கருவி லேசாகத்தான் சத்தமிடும். மண் முழுக்கச் செல் துண்டும் துவக்குக் கோதும் கிடப்பதால், தேவையில்லாத இடமெல்லாம் அதே கருவி கத்தும். ஆகவேதான் பல இடங்களில் நீண்ட பிடி போட்ட வாரியால் மண்ணைப் பக்கவாட்டில் சுரண்டிச் சுரண்டி முன்னேறுகிறார்கள். மிதிவெடி மேலிருந்து அழுத்தினால் வெடிக்கும். பக்கத்திலிருந்து மண்ணை இழுத்தால் அதன் விளிம்பு முதலில் தெரியும்.

பிழை நடப்பது பெரும்பாலும் வேறு இடத்தில். பழைய மண் அணைகளைத் தள்ளிச் சமப்படுத்தும்போது அணைக்குள் இருந்தவை இடம் மாறும். மணற்பாங்கான நிலத்தில் காற்று மண்ணைக் குவித்து, மேலே இருந்ததை ஆழத்துக்குக் கொண்டுபோகும். வரைபட எல்லைக்கு வெளியே வேலி போடக் கிடங்கு கிண்டுவதும், காணி துப்புரவாக்கி அந்த இடத்திலேயே குப்பை கொளுத்துவதும் கூடாது. பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்கவென்று துருப்பிடித்த ‘குழாயை’ப் பிள்ளைகள் தூக்கி வருவது எல்லாவற்றிலும் மோசம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள். வந்த காற்தடத்திலேயே திரும்பி, தூரத்தில் அடையாளம் வைத்துவிட்டு 119க்கு அழையுங்கள், அல்லது விதானையாரிடம் (கிராம அலுவலர்) சொல்லுங்கள். அகற்றுவதற்குக் காணிக்காரர் ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை.

இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி துப்புரவுக்கான தவணை 2028 ஜூன்.

இடப்பெயர்வில் உறுதி (காணிப் பத்திரம்) தொலைந்துவிட்டது. உறுதி இலக்கமும் ஞாபகமில்லை. காணி எங்களுடையது என்று எப்படிக் காட்டுவது? (கரைச்சி வாசகி)

உறுதி தொலைந்தால் உரிமை தொலையாது. நொத்தாரிசு எழுதும் உறுதியின் மூலப்பிரதி உங்களிடம் வரும், ஒரு பிரதி அவரிடம் தங்கும், இன்னொன்று அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் காணிப் பதிவகத்துக்குப் போகும். நொத்தாரிசு இறந்திருந்தாலும் நாட்டைவிட்டுப் போயிருந்தாலும் அவருடைய பிரதிகள் பதிவகத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டியவை.

முதலில் பொலிஸில் முறைப்பாடு போட்டுப் பிரதி வாங்குங்கள். பிறகு பதிவகத்தில் தோம்பு (காணிப் பதிவேடு) பாருங்கள். இலக்கம் தெரியாவிட்டால் காணியின் பெயர், கிராமம், தாய் தகப்பன் அல்லது பாட்டன் பாட்டி பெயர் போதும். பக்கத்துக் காணிக்காரரின் உறுதியை வாங்கிப் பார்ப்பது கைகண்ட வழி. அவருடைய எல்லையில் உங்கள் ஆட்களின் பெயர் எழுதியிருக்கும்.

அளவில் பலர் இடறுவார்கள். வரகுக் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர், நெல்லுக் கணக்கில் 24. எந்தக் கணக்கென்று பாராமல் அளந்தால் மூன்றில் ஒரு பங்கு குறையும், அல்லது பாதிப் பங்கு கூடும். எல்லை இன்னொரு தொல்லை. ‘கிழக்கே வடலி வேலி’ என்று உறுதி சொல்லும். வடலியோ பதுங்குகுழிக்குப் போய்விட்டது. நில அளவையாளரிடம் போகும்போது பழைய வரைபடமும், ஊரில் எஞ்சியிருக்கும் கிணற்றையோ மதகையோ காட்டக்கூடிய வயதானவர் ஒருவரும் கூட வரட்டும்.

உங்களுடையது உறுதிக் காணியாக இல்லாமல் குடியேற்றத் திட்டத்துப் பெர்மிட் காணியாக இருந்தால் பதிவகம் உதவாது. பிரதேச செயலகத்தின் காணிக் கிளையிலுள்ள பேரேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

கணவர் 2009இல் காணாமற்போனவர். என் சீதனக் காணியை மகளுக்கு எழுதப் போனால் நொத்தாரிசு கணவரின் கையெழுத்தைக் கேட்கிறார். மரணச் சான்றிதழ் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. (கிளிநொச்சி வாசகி)

நொத்தாரிசு கேட்பது சட்டப்படி சரி. வடமாகாணத் தமிழருக்குப் பொருந்தும் தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டத்தில், 1911ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டப்படி, மணமான பெண் தன் சொந்த அசையாச் சொத்தை உயிரோடிருக்கும்போது கைமாற்றக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. சீதனமும் இதற்குள் அடங்கும். அந்தக் காலத்துச் சட்டகாரர் பெண்ணைக் கணவனுக்குப் பின்னால் நிறுத்தி எழுதியது, ஒரு நூற்றாண்டு கழித்து, கணவன் எங்கே என்று தெரியாத பெண்களின் தலையில் விழுந்திருக்கிறது.

ஆனால் வழியும் அதே சட்டத்துக்குள் உண்டு. 8ஆம் பிரிவின்படி, கணவர் இருக்கும் இடம் தெரியாவிட்டால் அவருடைய சம்மதம் வேண்டாம் என்று மாவட்ட நீதிமன்றம் கட்டளையிடலாம். இதற்கு மரணச் சான்றிதழ் தேவையில்லை. திருமணப் பதிவு, உறுதி, பொலிஸ் முறைப்பாடு, செஞ்சிலுவைச் சங்கப் பதிவுக் கடிதம், காணாமற்போனோர் அலுவலகத்தில் கொடுத்த முறைப்பாட்டின் இலக்கம், கிராம அலுவலர் கடிதம் என்று கையிலிருப்பதையெல்லாம் மனுவோடு இணையுங்கள். கட்டளை வந்ததும் அதைக் குறிப்பிட்டு நொத்தாரிசு உறுதி எழுதலாம். அவசரம் இல்லையென்றால் இன்னும் இலகுவான வழி மரணசாசனம் (உயில்). அதற்குக் கணவரின் சம்மதம் தேவையில்லை.

காணி உண்மையிலேயே சீதனம்தானா என்று ஒருமுறை பாருங்கள். கலியாணத்துக்குப் பிறகு உழைத்து வாங்கியதென்றால் அது தேடிய தேட்டம். அதில் கணவருக்கும் உரித்து இருக்கலாம். அப்படியானால் 8ஆம் பிரிவுக் கட்டளை மட்டும் போதாமற் போகலாம்.

மரணச் சான்றிதழ், காணாமைச் சான்றிதழ் என்று இரண்டு இருப்பதைப் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். 2010ஆம் ஆண்டுச் சட்டம் மரணச் சான்றிதழை மட்டுமே தந்தது. பிள்ளையை இராணுவத்திடம் கையால் ஒப்படைத்த தாய்க்கு அது பதிலாகாது. எதிர்ப்பு எழுந்தபின், 2016 திருத்தத்தில் காணாமைச் சான்றிதழ் வந்தது. இறந்தார் என்று அது சொல்லாது. கொடுப்பனவு பெறவும், பிள்ளைகளின் பொறுப்பை ஏற்கவும், அவருடைய சொத்தைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ளவும் உதவும். இரண்டு ஆண்டுக்குச் செல்லும், பிறகு நீட்டிக்க வேண்டும். முன்பு வேறு வழியின்றி மரணச் சான்றிதழ் எடுத்தவர்கள் அதை மாற்றிக்கொள்ளவும் விண்ணப்பிக்கலாம். கணவரின் பெயரிலுள்ள சொத்தைப் பங்கிட்டு முடிக்கக் காணாமைச் சான்றிதழ் போதாது என்பதையும் தெரிந்துவைத்திருங்கள்.

மட்டக்களப்பிலிருந்து இதே கேள்வியைக் கேட்ட வாசகிக்கு: தேசவழமை உங்களுக்குப் பொருந்தாது. பொதுச் சட்டப்படி உங்கள் காணியை நீங்களே எழுதலாம்.

1995 இடப்பெயர்வுக்குப் பிறகு எங்கள் வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது. பத்து வருடம் இருந்தால் அவர்களுக்கே சொந்தம் என்கிறார்களே? (ரொறன்ரோ வாசகர்)

பாதி உண்மை. பத்து ஆண்டு தடையின்றி, உரிமையாளருக்கு எதிராக ஆண்டால்தான் உரித்து வரும். நீங்கள் இருக்கச் சொல்லி இருந்தவருக்கும், உங்களோடு பங்குள்ள உறவினருக்கும் வெறுமனே இருந்ததால் வராது. இருக்கச் சொன்னதற்கு எழுத்து உண்டா? பழைய கடிதம், திருத்த வேலைக்கு அனுப்பிய காசின் ரசீது, சோலைவரி (வீட்டு வரி) யார் பெயரில் கட்டப்பட்டது என்பவை நீதிமன்றத்தில் பேசும். ஆயுதக் குழுக்களின் நடவடிக்கையால் வழக்குப் போட முடியாதிருந்தோருக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காதிருக்க 2016இல் தனிச்சட்டம் வந்தது. அது கொடுத்த அவகாசம் குறுகியது. அதை நம்பிப் பிந்த வேண்டாம்.

வழக்குக்காக யாருக்காவது அற்றோணித் தத்துவம் (உங்களுக்காகச் செயற்படும் அதிகாரப் பத்திரம்) கொடுப்பதானால், இந்தக் காணி, இந்த வழக்கு என்று மட்டுப்படுத்தி எழுதுங்கள். ‘விற்கவும்’ என்ற ஒரு சொல் உள்ளே போய்விட்டதால் வீட்டையே இழந்தவர்கள் உண்டு.

1990 ஒக்டோபரில் மன்னார் முசலியிலிருந்து புலிகள் எங்களை வெளியேற்றினார்கள். திரும்பி வந்தால் காணி அரச காடு என்கிறார்கள். (புத்தளம் வாசகர்)

இருபது ஆண்டு ஆளில்லாமல் கிடந்த ஊரில் காடு வளரத்தான் செய்யும். மறிச்சுக்கட்டி, கரடிக்குளி பகுதிகள் 2012இல் ஒதுக்குக் காடாக வர்த்தமானியில் போடப்பட்டன. 2017இல் மாவில்லு பேணற்காட்டு அறிவிப்பு வந்தது. வடக்கிலிருந்து முஸ்லிம்கள் முழுமையாக வெளியேற்றப்பட்டதைத் தமிழ் இதழ்கள் பேசத் தயங்கிய காலமும் இந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம்.

உங்கள் காணியின் வரைபடத்தை வர்த்தமானி வரைபடத்தின் மேல் வைத்து, எத்தனை பேர்ச் உள்ளே விழுகிறது என்று அளவையாளரிடம் எழுதி வாங்குங்கள். 1990க்கு முந்திய வாக்காளர் இடாப்பு, பாடசாலைச் சேர்வு இடாப்பு, பள்ளிவாசல் பதிவுகள், கட்டிய கிணறு, வீட்டு அத்திவாரம் இவற்றின் புகைப்படத்தோடு கோப்பைத் தயாரியுங்கள். பிரதேச செயலகத்தில் பெர்மிட் பேரேட்டைக் காட்ட மறுத்தால், 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். விண்ணப்பம் கொடுக்கும்போதே பெற்றுக்கொண்டதற்கான சிட்டையைக் கேட்டு வாங்குங்கள். தேதி அதிலிருந்துதான் தொடங்கும்.