பழைய ஸ்டீரியோ: மாற்ற வேண்டியது எது, தொடக்கூடாதது எது?

கேள்வி: 1970களில் செய்யப்பட்ட ஸ்டீரியோ ரிசீவர் (வானொலியும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த கருவி) ஒன்று எங்கள் வீட்டில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உறை போட்டு வைக்கப்பட்டிருந்தது. பார்ப்பதற்குப் புதிதுபோல் இருக்கிறது. நேரடியாக மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். முகப்பு பளபளப்பாக இருப்பதை வைத்து உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். அக்காலக் கருவிகள் பலவற்றில் மின்னழுத்தத்தைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு உண்டு. ஜப்பானின் உள்நாட்டு விற்பனைக்கென்று செய்யப்பட்டவையோ 100 வோல்ட்டுக்கு மட்டும் உரியவை. 100 அல்லது 120 வோல்ட்டுக்கு வைக்கப்பட்ட கருவியை 230 வோல்ட் இணைப்பில் செருகினால் ட்ரான்ஸ்ஃபார்மரே எரிந்துபோகலாம். அதற்கு ஈடான மாற்று கிடைப்பது அரிது.

அடுத்த கவலை, மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள். இவற்றின் அலுமினியத் தகட்டின் மேல் படிந்திருக்கும் மெல்லிய ஆக்சைடு படலமே மின்காப்பாக நிற்கிறது. நெடுங்காலம் மின்னழுத்தமே இல்லாமல் கிடந்தால் அந்தப் படலம் நலிவடைந்து, மின்கசிவு கூடுகிறது. அந்த நிலையில் முழு மின்னழுத்தத்தையும் ஒரேயடியாக ஏற்றினால் கெபாசிட்டர் சூடேறி வெடிக்கவும் கூடும். அதனால்தான் அனுபவமுள்ள பழுதுபார்ப்பவர்கள், ஸ்பீக்கர்களை இணைக்காமல், கருவியுடன் தொடரிணைப்பில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சேர்த்து முதல் மின்சாரத்தைக் கொடுக்கிறார்கள். பல்பு ஒரு கணம் பிரகாசித்துப் பின் மங்கினால் கெபாசிட்டர்கள் மின்னேற்றம் பெற்றுவிட்டன என்று பொருள். பிரகாசம் குறையவே இல்லையென்றால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, உடனே நிறுத்திவிட வேண்டும். இதற்கு எல்.இ.டி. பல்பு உதவாது, இழை உள்ள பழைய வகைதான் வேண்டும்.

இந்தச் சோதனையில் தேறிய பிறகு, பல்பை நீக்கி, ஸ்பீக்கர் முனைகளில் நேர்திசை (டி.சி.) மின்னழுத்தம் எவ்வளவு என்று மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. வோல்ட் கணக்கில் இருந்தால் ஸ்பீக்கரை இணைக்கவே கூடாது; கோளாறு நேர்ந்தால் ஸ்பீக்கரைத் தானாகத் துண்டிக்கும் ஸ்விட்சான பாதுகாப்பு ரிலே இல்லாத கருவிகளில் இந்த ஓர் அளவீடுதான் ஸ்பீக்கரைக் காப்பாற்றும். இணைப்பைப் பிடுங்கிய பின்னும் பெரிய கெபாசிட்டர்கள் மின்னேற்றத்தை வைத்திருக்கும் என்பதையும், வால்வு ஆம்ப்ளிஃபயர்களில் அது பல நூறு வோல்ட் என்பதையும் மறக்க வேண்டாம். மின்வேலை பழகாதவர்கள் மூடியைத் திறக்காமல் பழகியவரிடம் ஒப்படைப்பதே நல்லது.

கேள்வி: பழைய ஆம்ப்ளிஃபயர் என்றால் எல்லாக் கெபாசிட்டர்களையும் மாற்றிவிட வேண்டும் என்கிறார்கள். அவசியமா?

பதில்: இந்த அறிவுரையை நான் ஏற்பதில்லை. முதுமை அடைவது பெரும்பாலும் எலக்ட்ரோலிட்டிக் வகைதான். உள்ளிருக்கும் திரவம் உலர உலரக் கொள்ளளவு குறைந்து உள்தடை கூடுகிறது. ஃபிலிம், செராமிக் வகைகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும், அவற்றைப் பிடுங்குவது வீண்வேலை. வேலை வீணானால்கூடப் பரவாயில்லை. பழைய சர்க்யூட் பலகைகளில் செப்புத் தடங்கள் பலகையோடு உறுதியாக ஒட்டியிருப்பதில்லை, சாலிடரை உருக்கி எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு தடம் பெயர்ந்து வரும் ஆபத்து இருக்கிறது. நன்றாகப் பாடிக்கொண்டிருந்த கருவி முழுச் சீரமைப்புக்குப் பிறகு ஊமையாகிப்போவது இந்தத் துறையில் புதிதல்ல. ஐம்பது பாகங்களை ஒரே மூச்சில் மாற்றியவருக்குத் தவறு எந்த இடத்தில் நேர்ந்தது என்று தேடுவதற்கு ஒரு தொடக்கமே கிடைக்காது.

ஆகவே அறிகுறியைப் பின்பற்றுங்கள். வால்யூமைக் குறைத்தாலும் கூட்டினாலும் மாறாத அடித்தொனி இரைச்சல் கேட்டால் மின்வழங்கும் பகுதியின் பெரிய கெபாசிட்டர்களை முதலில் சந்தேகிக்கலாம். ஒரு பகுதியை மட்டும் மாற்றி, ஒலியைக் கேட்டு, அளந்து பார்த்த பிறகு அடுத்த பகுதிக்குச் செல்லுங்கள். மாற்றாக வைப்பது அதே கொள்ளளவும், அதே அல்லது சற்றுக் கூடுதலான வோல்ட் தரமும், 105 டிகிரி வெப்பத் தாங்குதிறனும் கொண்டதாக இருக்கட்டும். நேர், எதிர் முனைகளை ஒரு முறைக்கு இரு முறை சரிபாருங்கள். கொள்ளளவை இரண்டு மூன்று மடங்காக்கினால் ஒலி மேம்படும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு முறை ஸ்விட்சைப் போடும்போதும் மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கும் ரெக்டிஃபயர் கூடுதல் சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது என்பதுதான் மிச்சம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. சில கருவிகளில் மின் நுழைவாயிலின் குறுக்கே இணைக்கப்பட்டிருக்கும், காகிதத்தால் ஆன சிறு கெபாசிட்டர் காலப்போக்கில் வெடிப்புவிட்டு, ஈரத்தை உறிஞ்சி, ஒருநாள் புகையைக் கக்கும். அதை மட்டும், அந்த இடத்துக்கென்றே செய்யப்படும் பாதுகாப்பு வகையால், கேள்வி கேட்காமல் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: இடப்பக்க ஸ்பீக்கர் முதலில் ஒலிப்பதில்லை, வால்யூமை நன்றாகக் கூட்டினால் திடீரென்று உயிர் பெறுகிறது. என்ன காரணம்?

பதில்: பெரும்பாலும் ஸ்பீக்கர் ரிலேயின் தொடுமுனைகள் கறுத்திருக்கும், அல்லது முகப்பிலுள்ள ஸ்விட்சுகளில் ஆக்சைடு படிந்திருக்கும். மெல்லிய சிக்னல் அதைக் கடக்க முடியாமல் நின்று, பலமானது கடந்துவிடுகிறது. ஸ்விட்சுகளுக்கு மின்தொடர்புகளுக்குரிய கிளீனர் போதும்; துருப்பிடித்த திருகுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை உள்ளே செலுத்தாதீர்கள். ரிலேயைத் தேய்த்துச் சரிசெய்வதைவிட அதே தரத்தில் புதியது வைப்பது மேல்.

கேள்வி: ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றியுள்ள வளையம் தொட்டாலே உதிர்கிறது. ஸ்பீக்கர் போய்விட்டதா?

பதில்: இல்லை. அது பாலியூரித்தேன் நுரை. காற்றின் ஈரப்பதத்தால் பதினைந்து, இருபது ஆண்டுகளில் சிதைவது அதன் இயல்பு. துணியாலும் ரப்பராலும் ஆன வளையங்கள் அதைவிட நெடுநாள் தாங்கும். அதே அளவில் புதிய நுரை வளையத்தை ஒட்டிக்கொள்ளலாம். பசை உலர்வதற்குள் கூம்பை மெல்ல அழுத்தி, கூம்பை அசைக்கும் கம்பிச் சுருள் எங்கும் உரசாமல் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பதில்தான் பொறுமை வேண்டும். அதுவரை அந்த ஸ்பீக்கரை ஒலிக்கவிட வேண்டாம்.

கேள்வி: பழைய டர்ன்டேபிளைப் புதிய ஆம்ப்ளிஃபயரில் இணைத்தால் ஒலி மிக மெல்லியதாகவும் கீழ்ச்சுரமே இல்லாமலும் கேட்கிறது. கார்ட்ரிட்ஜ் பழுதா?

பதில்: பழுதில்லை. ஊசியின் அசைவை மின்சிக்னலாக்கும் பாகமே கார்ட்ரிட்ஜ்; காந்தம் அசையும் வகை தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. ஆம்ப்ளிஃபயரின் சாதாரண நுழைவாய் எதிர்பார்ப்பதோ சில நூறு மில்லிவோல்ட். அதோடு, இசைத்தட்டில் கீழ்ச்சுரங்களைக் குறைத்தும் மேல்சுரங்களைக் கூட்டியும்தான் பதிவு செய்கிறார்கள். அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. 1954இல் வகுத்த வரைவின்படி அதை மறுபடி நேராக்க வேண்டும். இவ்விரு வேலைகளையும் செய்யும் ஃபோனோ பகுதி பழைய ரிசீவர்களுக்குள்ளேயே இருந்தது, அது இல்லாத புதிய ஆம்ப்ளிஃபயருக்குத் தனிப் பெட்டியாக வாங்க வேண்டியிருக்கிறது. இணைக்கும்போது ஊசியையும் பாருங்கள்: தேய்ந்த வைர முனை தட்டின் பள்ளங்களை அறுக்கும். ஊசி தட்டின் மேல் அழுத்தும் எடை உற்பத்தியாளர் சொன்ன அளவுக்குக் குறையாமல் இருக்கட்டும். மிக இலேசாக வைத்தால் ஊசி பள்ளத்துக்குள் துள்ளி, சற்றே கூடுதலான எடையைவிட அதிகக் கெடுதல் செய்யும்.